பொறுப்பு ஒப்படைப்பு

அமலோற்பவம் மேடம்,
ஏழுகிணறில் கிணறுகளைத் தேட வேண்டாம்.
முதல் மாதம் நான் தேடினேன்.
ரீடிங் எடுக்க வேண்டிய வீடு அறுபத்திரண்டு,
அன்றைக்கு எடுத்தது பதினேழு.

மேப் உதவாது.
நீலப் புள்ளி தெருமுனை வரை வரும்,
அதற்குப் படியேறத் தெரியாது.
இங்கே பாதித் தெரு
மாடிப்படிக்கு மேல்தான் இருக்கிறது.
குடையைவிட டார்ச் முக்கியம்.
மீட்டர் பலகை
எப்போதும் படிக்கட்டுக்கு அடியில்,
பழைய சைக்கிளுக்கும் தண்ணீர் டிரம்முக்கும் பின்னால்.

தங்கசாலையை ஏழரைக்குள் முடித்துவிடுங்கள்.
எட்டரைக்கு மீன்பாடி வண்டிகள் வந்துவிடும்.
அதில் மீனைத் தவிர எல்லாம் ஏறியிருக்கும்.
அதற்கப்புறம் ஒருக்களித்துத்தான் நடக்கலாம்,
பை முன்பக்கம் இருக்கட்டும்.

வால்டாக்ஸ் ரோட்டில்
பிளாஸ்டிக் கயிறு விற்கும் சம்பங்கி நாயுடு கேட்பார்:
"வெள்ளைக்காரன் செவுரு கட்டி வரி கேட்டான்,
ஊர்ல ஒருத்தன் குடுக்கல.
நீ மட்டும் எப்படிம்மா வாங்கிடுற?"
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
அதே கேள்வி, அதே கண்ணாடி டம்ளர் டீ.
சிரித்துவிட்டு எண்ணைப் படியுங்கள்.
கடைசித் தேதிக்கு நாலு நாள் முன்பே
பணம் கட்டிவிடும் மனுஷன் அவர்.

அரண்மனைக்காரத் தெருவில்
அரண்மனை எங்கே என்று கேட்டுவிடாதீர்கள்,
நான் கேட்டு அசடு வழிந்தேன்.
அர்மீனியர்கள் குடியிருந்தார்களாம்.
அந்தப் பேர் நம் நாக்கில் புரளவில்லை.
புரளாத இடத்தில்
ஓர் அரண்மனையையே தூக்கிக் கொடுத்துவிட்டோம்,
பட்டா இல்லாமல், வரி இல்லாமல்.
மாதாகோவில் வாசலில் செவ்வாய்க்கிழமை கூட்டம்;
அன்றைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.
நீங்கள் கும்பிடப் போனால் அது வேறு.

பவளக்காரத் தெருவில் ஒரு வீடு,
நம்பர் சொல்ல மாட்டேன், பார்த்தாலே தெரியும்:
தேக்குத் தூணை நடுவில் வைத்து
ஹாலோபிளாக் சுவர் எழுப்பியிருப்பார்கள்,
தூண் பாதி அண்ணனுக்கு, பாதி தம்பிக்கு.
பதினொரு பாகம். பதினொரு மீட்டர்.
யாரும் யாரோடும் பேசுவதில்லை.
மீட்டர்கள் மட்டும் ஒரே பலகையில்
தோள் இடித்துக்கொண்டு
சிவப்பாய்க் கண்சிமிட்டும்.

ஏழாவது பாகம் பூட்டு.
அண்ணன் போய் ஆறு வருஷம்,
பிள்ளைகள் மஸ்கட்டில், கேஸ் ஹைகோர்ட்டில்.
ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நாலு யூனிட் ஏறும்.
லீக்கேஜ் என்றுதான் நினைத்தேன்.
மழை நாள் ஒன்றில், பதியாமல் விட்டதைப் பதிய
சாயங்காலம் போனேன்.
கேஸ் போட்ட தம்பி
சட்டைப்பையிலிருந்து சாவி எடுத்து,
இடது வலது பார்த்து, உள்ளே போய்
ஜீரோ வாட் பல்பைப் போட்டுவிட்டு வந்தார்.
என்னைப் பார்த்ததும்,
"எலி வருது" என்றார்.

நான் எதையும் எழுதவில்லை.
நாலு யூனிட். அவ்வளவுதான்.

வேலை முடிந்தால் செகண்ட் லைன் பீச்சில் அத்தோ.
முட்டையைக் கீறி வறுத்த வெங்காயம் திணித்துத் தருவார்கள்,
நின்றே சாப்பிடுங்கள்;
சாவகாசமாக மென்றால் பின்னால் நிற்பவர் முறைப்பார்.

காசிமேடு நம் பிரிவு இல்லை.
இருந்தும் ஒருநாள் விடியலில் போய்
ஏலத்தில் நில்லுங்கள்.
பதினாலு வருஷமாய் எண் படிக்கிறவள் நான்.
கூடை மேல் கூடையாய் அந்தம்மா கூவிய எண்களில்
ஒன்றுகூடப் பிடிபடவில்லை.
வஞ்சிரம் யாருக்கோ போய்விட்டது.

வெள்ளை நாய் குரைக்கும், கடிக்காது.
குரைக்காத பழுப்பு நாயிடம் ஜாக்கிரதை.

எனக்குச் சிறுசேரி போட்டிருக்கிறார்கள்.
புது அடுக்ககமாம். முந்நூற்று இருபது மீட்டரும்
தரைத்தளத்தில், ஒரே அறையில், டியூப்லைட்டோடு.
பத்தரைக்கெல்லாம் முடிந்துவிடும் என்கிறார்கள்.
அப்புறம் சாயங்காலம் வரை
அங்கே என்னதான் செய்வார்களோ.